நோயாளியாக நடித்த கதை

எங்கள் வருசநாட்டுப் பக்கம் இப்போது ஊருக்கு நான்கைந்து பெண்களாவது நர்சிங் படித்திருக்கிறார்கள். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, தும்மக்குண்டு, வாலிப்பாறை என்று எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும், "எங்க பிள்ளை நர்ஸ்" என்று சொல்ல அங்கே ஒரு வீடு இருக்கும். க.விலக்கில் 2004-இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு வெள்ளைச் சீருடையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். படித்து முடித்து மதுரையில் இரண்டு வருடம் வேலை பார்க்கிறார்கள். அதன் பிறகு அவர்கள் வாயில் வரும் வார்த்தை ஓ.இ.டி.

முதலில் இதையும் டாக்டர்கள் படிக்கும் ஏதோ ஒரு படிப்பு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது படிப்பு இல்லை, ஆங்கிலத் தேர்வு. 1980-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் உருவானது. மருத்துவர், நர்ஸ், மருந்தாளுநர், பல் மருத்துவர் என 12 மருத்துவத் தொழில்களுக்குத் தனித்தனியாக நடக்கிறது. இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சில் 2017 முதல் இதை ஏற்றுக்கொள்கிறது. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய, கேட்டல், வாசித்தல், பேச்சு மூன்றிலும் 500-க்கு 350 வேண்டும். எழுத்தில் மட்டும் 300 போதும்.

என் தங்கச்சி பேத்தி ஒருத்தி இந்தத் தேர்வை எழுதினாள். கேட்டலில் 370, வாசித்தலில் 360, எழுத்தில் 320. பேச்சில் 330. இருபது மதிப்பெண்ணில் நின்றுபோனாள்.

இருபது மதிப்பெண் என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரியது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அவள் அப்பாவுக்கு இருப்பது கொஞ்சம் இலவ மரமும் கொஞ்சம் மானாவாரியும். அம்மா காய் சீசனில் பஞ்சுக்குக் கொட்டை எடுக்கப் போகிறவள். நான்கு வருடப் படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடன் பாக்கி நிற்கிறது. அவள் எழுதியபோது தேர்வுக் கட்டணம் 587 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் 30,000 ரூபாய்க்கு மேல். அதற்கு முன்னால் குமுளி வழியாகக் கோட்டயம் போய் ஒரு பயிற்சி மையத்தில் தங்கிப் படித்த செலவு வேறு. இன்னொரு தடவை கட்டணம் கட்ட அவள் அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். "இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல தாயி" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

இரண்டாவது தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. பிள்ளை ஊருக்கு வந்துவிட்டாள். ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, எனக்கு எதுக்க உக்காந்து பேச ஒரு ஆள் வேணும். நீங்க நோயாளியா இருங்க."

"அதுக்கு நடிக்க வேற வேணுமா? சக்கரை, முட்டி வலி, கண்ணுல புரை எல்லாந்தான் இருக்கே" என்றேன்.

இந்தப் பேச்சுத் தேர்வு எப்படி நடக்கிறது என்று அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். மொத்தம் 20 நிமிடம். முதலில் ஊர், பேர், வேலை என்று சும்மா கொஞ்சம் பேசுவார்கள். அதற்கு மதிப்பெண் இல்லை. அப்புறம் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். எந்த இடம், நோயாளி யார், அவருக்கு என்ன பிரச்சினை, நர்ஸ் என்னென்ன செய்யவேண்டும் என்று அதில் நான்கைந்து வரி இருக்கும். படித்துப் பார்க்க 3 நிமிடம், பேச 5 நிமிடம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவுக்காரராகவோ நடிப்பார். அது முடிந்ததும் இன்னோர் அட்டை, மறுபடியும் 3 நிமிடம், 5 நிமிடம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. பேச்சைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள், வேறு ஆட்கள் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள்.

மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் பலர் எழுதுவது ஐ.இ.எல்.டி.எஸ். அதில் பேச்சு 11 முதல் 14 நிமிடம். நடுவில் ஒரு தலைப்பைக் கொடுத்து, யோசிக்க 1 நிமிடம், தனியாகப் பேச 2 நிமிடம் வரை தருவார்கள். ஓ.இ.டி.யில் அப்படித் தனியாகப் பேசும் வேலையே இல்லை. எப்போதும் எதிரில் ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு நோவு, ஒரு பயம்.

என்னைப் பற்றிப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் தபால் ஆபீசில் 36 வருடம் வேலை பார்த்தவன். எங்கள் தலைமுறைக்கு ஆங்கிலம் கையில் இருந்தது, வாயில் இல்லை. பாரம் நிரப்புவோம், ரிஜிஸ்டர் எழுதுவோம், மேலதிகாரிக்கு "வித் டியூ ரெஸ்பெக்ட்" போட்டு மனு எழுதுவோம். அந்த மேலதிகாரி நேரில் வந்து நின்றால் "எஸ் சார்", "ஓகே சார்" இரண்டோடு சரி. பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் ஆங்கிலம் படித்தும், ஆங்கிலத்தில் ஒரு கேள்விக்கு வாயால் பதில் சொல்ல ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை. பேத்தி காலத்திலும் அது பெரிதாக மாறவில்லை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தது, பரீட்சை ஆங்கிலத்தில் நடந்தது. பிள்ளைகள் பேசியது தமிழில்தான்.

முதல் நாள் எடுத்த அட்டை இது. சர்க்கரை நோயாளி, வயது 58, விவசாயி. காலில் ஆறாத புண். இன்னும் சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். அவரோ இப்போதே வீட்டுக்குப் போகிறேன் என்கிறார். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும், புண்ணைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டும், இருக்கச் சம்மதிக்க வைக்கவேண்டும்.

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆரம்பித்தாள் பாருங்கள், மளமளவென்று வந்தது. குட் மார்னிங் சொன்னாள், பெயரைக் கேட்டாள், எப்படிக் கூப்பிடலாம் என்று கேட்டாள். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஐ வான்ட் டு கோ ஹோம். டூ கௌஸ் இன் மை ஹவுஸ். ஹூ வில் கிவ் வாட்டர்?" என்றேன். வீட்டில் மாடு இரண்டு நிற்கிறது, யார் தண்ணீர் காட்டுவார்கள் என்று கேட்டேன்.

"ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன்" என்றாள் பிள்ளை. உங்கள் கவலை எனக்கு முழுசாகப் புரிகிறது என்று அர்த்தம். சொல்லிவிட்டு மூச்சு விடாமல் புண்ணைப் பற்றிய அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

நான் விடவில்லை. "பட் மை கௌஸ்?" என்றேன்.

"டோன்ட் வொரி. ஐ அண்டர்ஸ்டாண்ட் ஹவ் யூ ஃபீல்" என்றாள். மறுபடியும் புண்.

பயிற்சி மையத்தில் கொடுத்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். அனுதாபத்துக்கு எட்டு வாக்கியம், சமாதானத்துக்கு ஆறு, சம்மதிக்க வைக்க ஏழு என்று வரிசையாக எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தந்தி ஞாபகம் வந்தது. 2013 ஜூலையில் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள், அதனால் இளசுகளுக்கு இது தெரியாது. வாழ்த்துத் தந்திக்கு நாங்கள் வாசகம் எழுதமாட்டோம். கல்யாணத்துக்கு ஓர் எண், தீபாவளிக்கு ஓர் எண், தேர்வில் ஜெயித்ததற்கு ஓர் எண் என்று அச்சடித்த பட்டியல் இருக்கும். எண்ணைச் சொன்னால் போதும், அந்த எண்ணுக்கு உரிய வாசகம் அந்தப் பக்கம் போய்ச் சேரும். யாருக்கு அனுப்பினாலும் அதே வாசகம்தான்.

"நீ எனக்குத் தந்தி நம்பர் அனுப்புற தாயி" என்றேன். "என் மாட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே நீ."

அவள் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இங்கிலீசுல யோசிச்சு வர்றதுக்குள்ள நேரம் போயிருமோன்னு பயம் தாத்தா. அதான் தெரிஞ்சதைச் சொல்லிட்டு ஓடுறேன்" என்றாள்.

"சரி, இங்கிலீசை விட்டுரு. இதே அட்டையைத் தமிழ்ல பேசு" என்றேன்.

அதே பிள்ளைதான். தமிழில் பேசியபோது ஆளே வேறாகத் தெரிந்தாள். நான் மாட்டைச் சொன்னதும், "ஏன் தாத்தா, வீட்டுல வேற ஆளு இல்லையா? பக்கத்து வீட்டுல யாராவது ரெண்டு நாளைக்குப் பாத்துக்கிற மாட்டாகளா? நான் வேணா போன் போட்டுத் தரவா, பேசுறீகளா?" என்றாள். அதற்குப் பிறகுதான் புண்ணுக்கு வந்தாள். "இந்தப் புண்ணு எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியுமா?" என்று கேட்டு, நான் சொல்லும் வரை காத்திருந்தாள். "செருப்பில்லாம தோட்டத்துக்குப் போனா சக்கரைக்காரவுகளுக்குக் கால்ல முள்ளுக் குத்துனாலும் தெரியாது தாத்தா" என்றாள். மதுரையில் வார்டில் இரண்டு வருடமாக அவள் தினமும் செய்த வேலை இது. இதற்கு நோட்டு எதற்கு?

தேர்வில் எதற்கு மதிப்பெண் என்று அவளிடம் இருந்த தாளை அன்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். இரண்டு பகுதியாக இருந்தது. ஒன்று மொழி: சொல்வது புரிகிறதா, தடங்கல் இல்லாமல் வருகிறதா, ஆளுக்குத் தகுந்த பேச்சா, இலக்கணமும் சொற்களும் எப்படி. இன்னொன்று நோயாளியிடம் பேசும் முறை. 2018-இல் சேர்த்த பகுதி அது. நோயாளியோடு இணக்கம் வந்ததா, அவர் பக்கத்து நினைப்பைக் கேட்டாளா, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரித்தாளா, விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி நடுநடுவே நிறுத்தினாளா, புரிந்ததா என்று பார்த்தாளா. அத்தனையும் அவள் திண்ணையில் தமிழில் செய்து காட்டியவை. நம் ஊரில் இழவு வீட்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் மனிதர்கள் ஒருவரை ஒருவர் விசாரிக்கிற முறைதான். அதைத்தான் மெல்போர்ன்காரர்கள் தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்று முதல் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒவ்வோர் அட்டையும் முதலில் தமிழில் 5 நிமிடம். உடனே அதே அட்டை ஆங்கிலத்தில். தமிழில் என்ன கேள்வி கேட்டாளோ அதை ஆங்கிலத்திலும் கேட்டே ஆகவேண்டும். மாட்டைக் கேட்காமல் புண்ணுக்குப் போகக்கூடாது. வாக்கியம் சின்னதாக இருந்தால் பரவாயில்லை. "ஹூ இஸ் அட் ஹோம் நௌ? கேன் யுவர் நெய்பர் ஹெல்ப்?" இவ்வளவுதான். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கே, சரி இருந்துவிட்டுத்தான் போவோம் என்று தோன்றியது.

வலிக்குத்தான் அவள் ரொம்பச் சிரமப்பட்டாள். எதற்கும் "பெய்ன்" ஒன்றுதான் வந்தது. அப்போது உதவிக்கு வந்தவள் அவளுடைய அம்மாச்சி, அதாவது என் தங்கச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவள். "எங்க வலிக்குது அம்மாச்சி, எப்படி வலிக்குது?" என்று கேட்டால் போதும். முட்டி கடுக்குது, இடுப்பு குத்துது, தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, கண்ணு எரியுது, காது குடையுது, பாதம் மதமதன்னு இருக்கு, கெண்டைக்கால்ல சுளீர்னு இழுக்குது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிள்ளை அதை ஒரு பக்கம் எழுதி, எதிரில் ஆங்கிலத்தை எழுதினாள். கடுப்புக்கு ஏக்கிங், குத்தலுக்கு ஸ்டாபிங், தெறிப்புக்கு த்ராபிங், எரிச்சலுக்கு பர்னிங், மதமதப்புக்கு நம்ப்னஸ், சுளீருக்கு ஷூட்டிங் பெய்ன். குடைச்சலுக்கு மட்டும் சரியான சொல் கடைசி வரை கிடைக்கவில்லை. "வெள்ளைக்காரனுக்குக் காது குடையாதா?" என்று தங்கச்சி கேட்டாள்.

பாஷையைப் புரியும்படி பேசுவதிலும் ஒரு பாடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துப் பார்த்து அவளுக்கு "ஹைபர்டென்ஷன்", "இன்ஃப்ளமேஷன்" என்றுதான் வாயில் வரும். நோயாளியிடம் "ஹை பிளட் பிரஷர்", "ஸ்வெல்லிங்" என்று சொன்னால்தான் மதிப்பெண். பெரிய வார்த்தை போட்டால் பெரிய ஆங்கிலம் என்ற நம் ஊர் நினைப்பு அங்கே செல்லாது.

அடுத்தது உச்சரிப்பு. வெள்ளைக்காரர் மாதிரி இழுத்துப் பேசவேண்டுமோ என்று பயந்துகொண்டிருந்தாள். அதெல்லாம் வேண்டாம். தமிழ்க் குரலிலேயே பேசலாம், கேட்பவருக்குப் புரிந்தால் சரி. ஆனால் எங்கே புரியாமல் போகும் என்று தெரிந்துகொள்ளவேண்டும். நம் எழுத்திலேயே அது தெரிகிறது. பில் என்று எழுதினால் மாத்திரையும் பில், ஆஸ்பத்திரியில் கட்டுகிற கணக்குச் சீட்டும் பில். தமிழில் ஒரே "ப"வுக்குள் இரண்டு ஒலியும் அடங்கிவிடும். நர்ஸ் "டேக் யுவர் பில்" என்று சொல்லும்போது நோயாளி மாத்திரையைத் தேடவேண்டும், பர்ஸைத் தேடக்கூடாது. காய்ச்சலைப் "பீவர்" என்று சொன்னால், நீர்நாய் மாதிரி மரம் கடிக்கிற ஒரு பிராணியின் பெயர் ஆகிவிடும். கீழுதட்டை மேல்பல்லில் தொட்டு "ஃபீவர்" என்று சொல்லவேண்டும். இதைத் தினமும் கண்ணாடி முன்னால் நின்று இருபது தடவை சொன்னாள்.

இன்னொன்று அழுத்தம். தமிழில் எல்லா எழுத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் உச்சரிக்கிறோம். ஆங்கிலச் சொல்லில் ஓர் இடம் மட்டும் தூக்கலாக வரும். இன்ஃபெக்‌ஷனில் "ஃபெக்", டயபீட்டிஸில் "பீ", தெர்மாமீட்டரில் "மா". அந்த இடம் மாறிப்போனால் எழுத்து எல்லாம் சரியாக இருந்தாலும் கேட்பவர் ஒரு நொடி திகைப்பார். நூறு சொல்லைப் பட்டியல் போட்டு, அழுத்தம் வரும் இடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்துக்கொண்டாள்.

தினமும் பேசியதைச் செல்போனில் பதிவு செய்து கேட்டோம். முதல் வாரம் அவள் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். நான் ஒரு விதி சொன்னேன். கேள்வி கேட்டால் நான் வாய் திறக்கும் வரை நீ பேசக்கூடாது. ஆரம்பத்தில் அந்த இரண்டு நொடி அவளுக்குத் தாங்கவில்லை, கையைப் பிசைவாள். ஆறாவது வாரத்தில் அவளாகவே என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். நான் வேண்டுமென்றே அழுகிற மாதிரி நடித்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் விட்டுப் பிறகு, "டேக் யுவர் டைம்" என்றாள். நோட்டில் இருந்த வாக்கியம்தான். ஆனால் அன்றைக்கு அது தந்தி நம்பராகக் கேட்கவில்லை.

தேர்வு முடிந்து வந்தவளிடம் என்ன அட்டை என்று கேட்டேன். சொல்லக்கூடாது தாத்தா, விதி இருக்கு என்றாள். "மாடு வந்துச்சா?" என்றேன். "மாடு வரல. ஆனா மாடு மாதிரி ஒண்ணு வந்துச்சு, கேட்டுட்டேன்" என்றாள்.

பேச்சில் 370 வந்தது. தங்கச்சிக்கு எண் புரியாது. "தேறிருச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மூல வைகைக் கரை அம்மனுக்குச் சூடம் பொருத்தப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் ஒரு நர்சிங் தேர்வு, விசா, இங்கிலாந்து போன பிறகு அங்கே ஒரு செய்முறைத் தேர்வு எல்லாம் இருந்தது. எல்லாம் தாண்டிவிட்டாள். முதல் சம்பளத்தில் அம்மாவின் தோடு திரும்பி வந்தது, வங்கிக் கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போன மாதம் போனில் பேசினாள். வார்டில் ஒரு கிழவி, மருந்து சாப்பிடமாட்டேன் என்று அடம் பிடித்தாளாம். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதும் பூனை ஒன்று இருக்கிறது என்றாளாம். பூனைக்குப் பால் வைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்த பிறகுதான் மருந்து உள்ளே போனதாம்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நமக்கு ஆங்கிலம் வராதே என்று ஒதுங்கவேண்டாம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது எதிரில் உட்கார்ந்து, அவசரப்படாமல், மனசில் பட்டதைக் குறுக்கே கேட்கிற ஓர் ஆள். நோவும் நொடியும் நம்மிடம் நிறைய இருக்கிறது, நேரமும் இருக்கிறது. இலக்கணத்தைத் திருத்த வேறு ஆள் கிடைப்பார்கள்.

இப்போது தும்மக்குண்டிலிருந்து இன்னொரு பிள்ளை பஸ் ஏறி வருகிறாள். சனி, ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு. இந்த வாரம் எனக்கு ஆஸ்துமா, பீடியை விடமாட்டேன் என்று சொல்லவேண்டும். ஐம்பது வருடமாகப் பீடியைத் தொடாதவன் நான், அதனால் கொஞ்சம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.